அவங்க சொல்லட்டும், மேடம்

நாலு வருஷம் அவர் எங்கள் ஆபீஸ் வேனை ஓட்டினார் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். உண்மையில் ஓட்டியதைவிட நிறுத்திவைத்திருந்த நேரமே அதிகம். ரேஷன் கடைக்குப் பக்கத்தில், ஊரிகம் ரயிலடிக்கு வெளியே, ஆஸ்பத்திரி கேட்டுக்கு இந்தப் பக்கம் என்று எங்கே பார்த்தாலும் அந்த வேன் நின்றுகொண்டிருக்கும். உள்ளே அவர் ஒரு கையைச் சாவியில் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்தபடி உட்கார்ந்திருப்பார். இந்த மனுஷன் உட்கார்ந்தே காலத்தை ஓட்டிவிடுவார் போலிருக்கிறதே என்று ஆரம்பத்தில் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. இப்போது பங்காருபேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். இதைப் படித்துக் காட்டினால், "என் பேரு எதுக்கு மேடம், அத்த வச்சி அவங்க யாருன்னு கண்டுபுடிச்சிடுவாங்க" என்பார். அவங்க என்றால் எங்கள் வேனில் ஏறிய பெண்கள். அவர் பேச்சில் 'அவங்க' என்று வந்தால் அது எப்போதும் அவர்கள்தான்.

நான் மைசூர் மைன்ஸில், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு ஒன்றில் பிறந்தவள். அப்பா தங்கச் சுரங்கத் தொழிலாளி. பெங்களூரில் சமூகப்பணி படித்துவிட்டு, அங்கேயே இரண்டு தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் பிறந்த ஊருக்கே திட்ட அலுவலராகத் திரும்பி வந்தேன். வீட்டில் அடிபடும் பெண்களுக்கு உதவுகிற மையம் அது. ஊரிகத்தில் இரண்டு அறை, ஒரு மேஜை, ஒரு வேன், வேனுக்கு அவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க முடியாமல் பாதியில் இறக்கிவைத்துவிடுகிற ரகம் நான். என்னைக் கொண்டுபோய் அவரோடு சேர்த்துவிட்டார்கள்.

முதல் நாள் காலையில் வேனில் ஏறி உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்தேன், துப்பட்டாவைச் சரிசெய்தேன், ஃபோனைப் பார்த்தேன். வண்டி நகரவில்லை.

"இன்னா அண்ணா, வண்டி ரிப்பேரா?"

"இல்ல மேடம்."

"பின்ன?"

"நீங்க இன்னும் போலாம்னு சொல்லலியே."

"ஏறி உக்காந்தா போவத்தானே?"

"சில பேரு சும்மா உக்கார்றதுக்கும் ஏறுவாங்க மேடம்" என்றார். கிண்டல் இல்லை, முகம் அத்தனை சாதுவாக இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. "போலாம்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. உடனே கிளப்பினார்.

இது வேலைக்காகப் போட்டுக்கொண்ட பழக்கம் இல்லை என்பது அவர் மனைவி ஒருமுறை ஆபீசுக்கு வந்தபோது தெரிந்தது. என்னிடம் முறையிட்டார்: "கல்யாணத்துக்குன்னு பட்டுப்பொடவ கட்டிக்கினு வண்டில ஏறி உக்காந்தாலும், நான் வாயத் தொறந்து சொன்னாதான் மேடம் எடுக்கும் இந்த ஆளு. ஒரு தபா கோவத்துல நான் சொல்லவே இல்ல. வாசல்லியே உக்காந்துக்கினு கீறோம் ரெண்டு பேரும். அங்க தாலி கட்டி முடிச்சிட்டாங்க." அவர் வெளியே டயரைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்தமாதிரிதான் இருந்தது.

வேனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து வரும்போதே அதன் இரண்டு பக்கமும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும், 'வன்முறையால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான உதவி வாகனம்' என்று பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். முதல் மாதம் லைன் லைனாகக் கொண்டுபோய் நிறுத்தினோம். பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள், ஆண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள், ஒரு பெண்கூடக் கிட்டே வரவில்லை. இந்த ஊர்ப் பெண்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று அந்த மாத அறிக்கையில் எழுதினேன்.

அதை அவரிடம் சொன்னபோது வேனின் பக்கவாட்டை ஒரு முறை பார்த்தார். "இதுல ஏறுறதும், வூட்டுக்காரன் அடிச்சிட்டான்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கினு பஜார்ல நடக்கிறதும் ஒண்ணுதான் மேடம்" என்றார்.

மறுவாரம் வேனுக்குள் ஆறு தண்ணீர் கேன்கள் இருந்தன. எழுத்து தெரியாதபடி இரண்டு பக்கமும் பழைய தார்ப்பாயைக் கட்டியிருந்தார். எங்கள் ஊரில் தண்ணீர் கேனைப் பார்த்து யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். குழாயில் தண்ணீர் வருகிற நாள் திருநாள். மற்ற நாளெல்லாம் காசு போட்டுப் பிடிக்கிற ஃபில்டர் நிலையத்துத் தண்ணீர்தான். காலி கேனைக் கையில் பிடித்திருக்கிற பெண் எந்த வண்டியிடமும் போகலாம், எவ்வளவு நேரமும் நிற்கலாம், டிரைவரோடு சண்டைகூடப் போடலாம். அந்த வாரமே இரண்டு பேர் வந்தார்கள்.

தமாஷ் என்னவென்றால், மற்றவர்களும் நிஜமாகவே தண்ணீர் கேட்க ஆரம்பித்தார்கள். இல்லை என்று சொன்னால் சந்தேகம் வரும். அதனால் காலையில் எழுந்ததும் ஃபில்டரில் வரிசையில் நின்று கேன்களை நிரப்பிக்கொண்டுதான் வேலைக்கு வருவார். தூக்கிவர ஆள் இல்லாத கிழவிகளுக்கு உள்ளே கொண்டுபோய் வைத்தும் கொடுப்பார். பெங்களூரிலிருந்து பார்வையிட வந்த அதிகாரி தார்ப்பாயைக் கண்டு குதித்தார். "போர்டு தெரியணும். ஃபோட்டோ எடுத்தா அதுல போர்டு தெரியணும். மேல கேட்டா நான் என்ன சொல்றது?" நம்மவர் தார்ப்பாயை அவிழ்த்தார். அதிகாரி வேனுக்கு முன்னால் நின்று நாலைந்து படம் எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனார். நம்மவர் திரும்பக் கட்டினார். இரண்டு பேருக்கும் திருப்தி.

ஓட்டுநருக்கு மேலே பின்பக்கம் பார்ப்பதற்கென்று இருக்கிற கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவைத்திருப்பார். நான் சரிசெய்துவைத்தால் அடுத்த நாள் மறுபடி கூரையைப் பார்க்கும். அழுகிற முகத்தை யாரும் பார்க்கக்கூடாது என்பது அவர் கணக்கு. என்ன நடந்தது என்று எந்தப் பெண்ணிடமும் அவர் கேட்டதில்லை. அதைக் கேட்பதற்கு நான் இருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு ஒரு பெண் கேனோடு வந்து பின் சீட்டில் ஏறினாள். நான் பக்கத்து லைனில் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் வேனுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டு, கிட்டே வராதே என்று எனக்குக் கைகாட்டினார். உள்ளே அந்தப் பெண் சீட்டில் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றரை மணி நேரம். எழுந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரேன்ண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பெயர் இல்லை, விவரம் இல்லை, என் படிவத்தில் எழுத ஒன்றுமே இல்லை.

"இன்னா அண்ணா, எதுக்கு வந்தாங்களாம்?"

"தூங்கறதுக்கு வந்தாங்க போல மேடம்" என்றார். அந்த வீட்டில் அவளுக்குத் தூக்கம் எப்படி இருந்திருக்கும் என்பதை வீட்டுக்குப் போனபிறகு யோசித்தேன். அவர் வெயிலில் நின்றதும் ஞாபகத்துக்கு வந்தது.

இனி கலாவைப் பற்றி. அவள் பெயர் அதுவல்ல, அப்படி வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயதிருக்கும். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. ஒரு தையல் கடையில் வேலை. அவள் புருஷன் பஜாரில் வேலை பார்த்தான். பக்கத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் ஆட்டோ பிடித்து வருபவன் அவன்தான். அத்தனை பேருக்கும் நல்லவன். லைன் வீட்டுச் சுவர் மெல்லிசு. அவன் அவளை அடிக்கும் சத்தம் இரண்டு பக்கமும் நாலு வீட்டுக்குக் கேட்கும். கேட்டவர்கள் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் வளர்ந்த வீட்டில் ரேடியோவைக் கூட்டிவைத்தோம்.

முதல் தடவை வேனில் ஏறியபோது ரயிலடி வரைக்கும் வந்தாள். அங்கே போனதும், "திருப்புங்கண்ணா, பாப்பா ஸ்கூல்லருந்து வந்துடும்" என்றாள். அவர் திருப்பினார். இரண்டாம் தடவை ஆஸ்பத்திரி கேட் வரைக்கும். கேட்டுக்குள் நுழையும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாணாம், திருப்பச் சொல்லுங்க மேடம்." நான் சொல்வதற்கு முன்பே அவருக்குக் கேட்டுவிட்டது. சுரங்க வேலையில் இடது காது மந்தமாகிப் போன மனுஷர் அவர். ஆனால் பின் சீட்டில் ஒரு பெண் முனகினாலும் அவருக்குக் கேட்டுவிடும். ஒரு பெருமூச்சுகூட விடாமல் வண்டியைத் திருப்பினார்.

அவளை இறக்கிவிட்டதும் நான் பொரிந்து தள்ளினேன். "இட்டுனு வர்றதும் இட்டுனு போறதுமா? இதுக்கா ஆபீஸ் தொறந்து வச்சிருக்கோம்?"

"மொத தபா ரயிலடி வரைக்கும் வந்தாங்க. இன்னிக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துகிறாங்க மேடம்" என்றார்.

மூன்றாம் தடவை அவள் வந்தபோது ஒரு பக்கம் கன்னம் வீங்கியிருந்தது. வலது கையில் இரண்டு விரல்களை மடக்க முடியவில்லை. ஊசி பிடிக்கிற கை. ஏறி உட்கார்ந்தவள் தரையைப் பார்த்தபடி இருந்தாள். இந்த முறை இவளைத் திரும்ப விடக்கூடாது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கண்ணா."

வண்டி நகரவில்லை.

"அண்ணா!"

"அவங்க சொல்லட்டும், மேடம்."

"அவளால இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. நான் சொல்றேன், எடுங்க."

"உங்கள வேணும்னா இட்டுனு போறேன். அவங்க எறங்கினப்புறம்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "நாளைக்கு இவ செத்துட்டா யாரு பதில் சொல்றது? நீங்க சொல்வீங்களா?" என்று கத்தினேன். அவளை வைத்துக்கொண்டே அப்படிக் கேட்டேன்.

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். "அந்த பயம் எனக்கும் கீது மேடம். அதனாலதான் தெனம் வந்து நிக்கிறேன்."

கலா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்காக நீங்க சண்ட போடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவர் அவசரமாகக் கதவைத் திறந்துகொண்டு பின்னாலேயே ஓடினார். தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த காலி கேனை வாங்கிக்கொண்டு நிறைந்த கேனைக் கொடுத்துவிட்டு வந்தார். தண்ணீருக்குப் போனவள் காலி கேனோடு திரும்பினால் வீட்டில் கேள்வி வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நான் ஒரு ஆட்டோ பிடித்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தேன். ஆபீசுக்கு வந்த சூட்டோடு தலைமை அலுவலகத்துக்கும் ஒரு மெயில் அனுப்பினேன்: ஓட்டுநர் சொல் பேச்சு கேட்பதில்லை, அவசர நேரத்தில் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறார். இரண்டையும் முடித்தபிறகு எனக்கு மனசு லேசானது. கடமையைச் செய்துவிட்டோம் என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஸ்டேஷனில் அவள் புருஷனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கலாவையும் வரவழைத்துக் கேட்டார்கள். அவன் பக்கத்தில் நிற்கும்போது அவள் என்ன சொல்வாள்? கீழே விழுந்துவிட்டேன் என்றாள். அவனுக்குப் புத்தி சொல்லி இரண்டு பேரையும் நாலு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று சாயந்திரம் அந்த லைனில் நாலு வீட்டு டிவியும் உரக்க ஓடியிருக்கும்.

அதன்பிறகு மூன்று வாரம் அவள் வெளியே தலை காட்டவில்லை. தையல் கடைக்குப் போவதும் நின்றது. நான் வீட்டுக்குப் போனபோது அவன்தான் கதவைத் திறந்தான். "வாங்க மேடம், காபி குடிங்க" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். உள்ளே அவள் தலை நிமிரவில்லை. புகார் கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. புகாரால் பிழைத்த பெண்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர்கள் தாங்களே முடிவு செய்து தாங்களே கையெழுத்துப் போட்டவர்கள். இந்தக் கையெழுத்து என்னுடையது. அடி அவளுக்கு விழுந்தது.

அவருக்கு மெமோ வந்தது. படித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று ரயிலடிக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அவரோடு பழைய காலத்தில் சுரங்கத்தில் வேலை செய்த ஒருவர் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மெமோ சங்கதியைக் கேட்டதும் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இவனுக்கு மெமோ புதுசா மேடம்? இவன் அங்க இன்னா வேலைன்னு தெரியுமா? ஷாஃப்ட் குழியில ஆளுங்கள எறக்கி ஏத்துற கேஜ் கீதே, அத்த இழுக்கிற என்ஜின் டிரைவரு. மேல என்ஜின் வூட்ல உக்காந்திருப்பான். கேஜும் தெரியாது, ஆளும் தெரியாது. கீழருந்து மணி வரும். மணிய கேட்டாதான் என்ஜின தொடுவான். ஒரு நாளு ஷிப்ட் முடியிற நேரம், மேலதிகாரி வந்து, 'எல்லாரும் ஏறிட்டாங்க, தூக்குடா'ன்னு கத்துறான். இவன் அசையல. 'மணி வரல சார்' அவ்ளோதான் பேச்சு. அந்த ஆளு கெட்ட வார்த்தையில திட்டுறான். இவன் கல்லு மாதிரி உக்காந்துகிறான். கீழ இன்னா ஆச்சின்னா, ஒருத்தன் ஒரு கால கேஜுல வச்சிக்கினு, இன்னொரு கால வெளிய வச்சிக்கினு, கீழ வுழுந்த டிபன் பாக்ஸ எடுத்துக்கினு கீறான்."

"யாரு அது?" என்றேன்.

"நான்தான்" என்று சொல்லி, இரண்டு கால்களையும் பெஞ்சுக்கு வெளியே நீட்டி ஆட்டிக் காட்டினார். "அதுக்கும் இவனுக்கு மெமோதான் குடுத்தாங்க."

அவர் காதில் விழாதமாதிரி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வேன் வரைக்கும் அவர் பின்னாலேயே போனேன். வாயைத் திறந்தபோது, "டயர்ல காத்து பாத்தீங்களா?" என்றுதான் வந்தது.

"பாத்துட்டேன் மேடம்" என்றார். நான் என்ன சொல்ல வந்தேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

நான் அந்த லைன் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். நான் போனால் அவளுக்கு அடி விழும். அவர் நிறுத்தவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் அதே இடத்தில் வேனை நிறுத்திவிட்டு, வீடு வீடாகத் தண்ணீர் போட்டார். கலா வீட்டுக்கும் போட்டார். அவள் புருஷனே கேனை வாங்கி உள்ளே வைத்தான். "அண்ணன் மாதிரி டயத்துக்கு வர்ற ஆளு இந்த ஊர்லயே கெடயாது" என்று அவன் பஜாரில் நாலு பேர் நடுவில் பாராட்டியதை நானே கேட்டேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனுக்கு எப்படி அண்ணா தண்ணி போட மனசு வருது என்று கேட்டேன். "அவன் வூட்ல அவங்களும்தானே மேடம் தண்ணி குடிக்கிறாங்க" என்றார்.

இப்படியே இரண்டரை மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை காலை, கலாவின் புருஷன் எங்கள் ஆபீசுக்குள் புயலாக நுழைந்தான். பொண்டாட்டியையும் பிள்ளையையும் சனிக்கிழமையிலிருந்து காணோம் என்றான். தண்ணீர் போடுகிற ஆள் எங்கள் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவர் சட்டைக் காலரைப் பிடித்தான்.

"எங்கடா கொண்டுபோய் வுட்ட?"

தெரியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "அவங்க சொல்லச் சொன்னா சொல்றேன்" என்றார்.

அவன் ஓங்கி அறைந்தான். மூக்குக்கண்ணாடி போய் வாசல்படியில் விழுந்தது. இன்னொரு அறை. அவர் கையைத் தூக்கவில்லை, பதிலையும் மாற்றவில்லை. நான் போட்ட கூச்சலில் டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்து அவனைப் பிடித்து இழுத்துப் போனார்கள். நான் கண்ணாடியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அவள் போய்விட்டாள்!

"எங்கண்ணா கீறா?" என்றேன்.

"நல்லா கீறாங்க மேடம்."

"சரி, எங்க?"

"அவங்க சொல்லச் சொன்னா சொல்றேன்."

அதே வார்த்தை, அதே குரல். அடித்தவனுக்கும் எனக்கும் ஒரே பதில்.

"என்கிட்டகூட சொல்லக்கூடாதுன்னு சொன்னாளா?"

கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்துப் போட்டுக்கொண்டபிறகு, "ஆமா மேடம்" என்றார். அவர் கன்னம் சிவந்து வீங்கத் தொடங்கியிருந்தது.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவள்மேல் கோபம், அவர்மேல் அதைவிடக் கோபம். படித்து, பயிற்சி எடுத்து, பத்தொன்பது வருஷம் இதே வேலையைப் பார்த்தவள் நான். அவள் நம்பியது தண்ணீர் போட வந்த மனுஷரை. வெகு நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது வாசலில் ஒரு டம்ளர் டீ மூடிவைத்திருந்தது, ஆறிப்போயிருந்தது.

எப்படிப் போனார்கள், எங்கே போனார்கள் என்று அவர் சொல்லவே இல்லை. வேனில்தான் போனார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பின் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன ரோஸ் நிறச் செருப்பு கிடந்தது, ஒற்றை. எடுத்து அவரிடம் கொடுத்தேன். வாங்கி முன்பக்கப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் பார்த்தபோது அது அங்கே இல்லை. போய்ச் சேர வேண்டிய காலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். அன்றைக்கு முழுவதும் எனக்கு நல்ல நாளாக இருந்தது.

எட்டு மாதம் ஓடியது. அவள் புருஷன் இரண்டு மூன்று முறை வந்து கத்திப் பார்த்தான், பிறகு வரவில்லை. வாரத்துக்கு ஒரு முறையாவது நான் அவரிடம் கேட்பேன். "நல்லா கீறாங்க மேடம்" என்பார். ஒரு முறை, "காய்ச்சல்னாங்க, இப்ப பரவால்லியாம்" என்றார். இன்னொரு முறை, "பாப்பாவுக்கு முன்பல்லு வுழுந்துட்ச்சாம்" என்றார். அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியாது. சில நாள் அவரைப் பிடித்து உலுக்கலாம் போலிருக்கும். சில நாள், இந்த ஊரில் எவனாலும் இவர் வாயிலிருந்து அவளைப் பிடுங்க முடியாது என்று நினைத்து நிம்மதியாகத் தூங்குவேன். அடிக்க வந்தவனுக்கு மூடிய கதவுக்கு வெளியேதான், அவனோடு சேர்ந்து, நானும் நின்றேன். நிற்க வேண்டியதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள இத்தனை மாதம் பிடித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மேஜையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். திறந்திருந்த கதவைத் தட்டிவிட்டு வாசலில் நின்றார். ஒரு கையில் ஃபோன், மறு கையால் அதைப் பொத்தியிருந்தார்.

"மேடம், கலா லைன்ல கீறாங்க. உங்ககிட்ட பேசணுமாம். பேசுறீங்களா?"

எழுந்து ஓடிப்போய் ஃபோனைப் பிடுங்கியிருக்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதமாக எதற்காகக் காத்திருந்தேனோ அது வாசலில் நிற்கிறது, எனக்கு பயமாக இருந்தது. அவள் என்னைத் திட்டினால் நான் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். திட்டாமல் விட்டால் அது இன்னும் கஷ்டம். அவர் ஃபோனை நீட்டவில்லை. "சீக்கிரம் மேடம்" என்று சொல்லவில்லை. நான் வேண்டாம் என்று தலையசைத்திருந்தால், அப்படியே அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவர் அங்கே நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. யாரும் எனக்காக அதற்குமுன் அப்படி நின்றதாக ஞாபகம் இல்லை.

"குடுங்கண்ணா" என்றேன்.

கொடுத்துவிட்டு வெளியே போனார்.

"மேடம், நான் கலா."

"சொல்லும்மா."

"புகார் குடுக்கலாம்னு கீறேன் மேடம். நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு. தனியா போக பயமா கீது. நீங்க கூட வர்றீங்களா?"

எந்த ஊர், எந்த ஸ்டேஷன், விரல் சரியாகிவிட்டதா, டாக்டர் சீட்டு இருக்கிறதா, வக்கீலுக்குச் சொல்லவா என்று பத்துக் கேள்வி என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அத்தனையையும் விழுங்கினேன்.

"வர்றேம்மா" என்றேன். "நான் எங்க வந்து நிக்கட்டும், சொல்லு."